பரிசோடு முடியாத கட்டுரை!

குட்டீஸ்... பள்ளியில் நடக்கும் கட்டுரைப் போட்டிகளில் நீங்களும் கலந்து கொண்டிருப்பீர்கள். தலைப்பைக் கொடுத்ததும் நூலகத்துக்கு ஓடுவீர்கள், அப்பாவைக் கேட்பீர்கள், அக்காவைத் தொந்தரவு செய்வீர்கள். எப்படியோ எழுதி முடித்துப் பரிசும் வாங்கி விட்டால் ஒரே கொண்டாட்டம் தான்! கோப்பை அலமாரிக்குப் போய் விடும். எழுதிய கட்டுரை? அதை யார் நினைத்துப் பார்க்கின்றனர்!

ஆனால், கல்லூரியில் எழுதிய ஒரு பரிசுக் கட்டுரையை, அதற்குப் பின் அறுபது ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் வாழ்ந்தார் ஒருவர். அவர் தான் தாமஸ் கிளார்க்சன்.

இங்கிலாந்தில் உள்ள விஸ்பெக் என்ற சிற்றூரில், 1760 மார்ச் 28ல் பிறந்தார் தாமஸ். அப்பா அந்த ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர், பாதிரியாரும் கூட. தாமசுக்கு ஆறு வயதான போது அப்பா இறந்து விட்டார். படிப்பில் கெட்டிக்காரரான தாமஸ், லண்டனில் பள்ளிப் படிப்பை முடித்து, புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்பாவைப் போலவே பாதிரியார் ஆக வேண்டும் என்பது தான் அவரது எண்ணம்.

1785ல் அங்கே லத்தீன் மொழியில் ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. மனிதர்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது சரியா என்பது தலைப்பு. இதைப் பற்றி தாமசுக்கு எதுவும் தெரியாது. பரிசு வாங்க வேண்டும் என்ற ஆசையில் தான் புத்தகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்.

படிக்கப் படிக்க அவருக்குத் தூக்கமே போய் விட்டது.

அந்த நாளில் பிரிட்டன் கப்பல்கள் துணி, துப்பாக்கி போன்றவற்றை ஏற்றிக் கொண்டு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும். அவற்றைக் கொடுத்து விட்டு, பதிலுக்கு வாங்குவது எதை தெரியுமா? மனிதர்களை! ஆண்கள், பெண்கள், உங்களைப் போன்ற சிறுவர், சிறுமியர் என எல்லாரையும் கப்பலின் அடித்தளத்தில் அடைத்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஜமைக்கா, பார்படாஸ் போன்ற தீவுகளுக்குக் கொண்டு போவர். அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் வாழ்நாள் முழுக்கக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அவர்கள் உழைப்பில் விளைந்த சர்க்கரை, பிரிட்டன் மக்களின் தேநீர்க் கோப்பைக்கு வந்து சேரும். ஐரோப்பிய நாடுகளின் கப்பல்கள் இப்படி ஏற்றிச் சென்றவர்கள், மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல்!

இரவில் படுக்கை அறையில் மெழுகுவர்த்தியை அணைக்காமல் வைத்திருந்தார் தாமஸ். நினைவுக்கு வந்ததை எல்லாம் எழுந்து எழுந்து குறித்துக் கொண்டார். முதல் பரிசும் அவருக்கே கிடைத்தது.

பரிசு பெற்ற கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் படித்து விட்டு, குதிரையில் லண்டனுக்குப் புறப்பட்டார். வழியெல்லாம் அதே நினைவு. வேட்ஸ்மில் என்ற ஊருக்கு அருகே, குதிரையை விட்டு இறங்கிச் சாலை ஓரத்தில் உட்கார்ந்து விட்டார். தான் எழுதியது உண்மை என்றால், இந்தக் கொடுமைக்கு யாராவது ஒருவர் முடிவு கட்டியாக வேண்டுமே என்று தோன்றியது. யார் அந்த ஒருவர்? அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. பாதிரியார் வேலையை மறந்து விட்டு, இந்தப் பணிக்கே தன்னைக் கொடுத்து விட முடிவு செய்தார்.

1787 மே 22ல், லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடி, அடிமை வாணிபத்தை ஒழிக்க ஒரு குழு அமைத்தனர். அவர்களில் கிளார்க்சனும் ஒருவர். பார்லிமென்டில் இதற்காகப் பேச, உறுப்பினர் வில்லியம் வில்பர்போர்ஸ் முன்வந்தார். ஆனால், பேச்சு மட்டும் போதுமா? ஆதாரம் வேண்டாமா? அதைத் திரட்டும் வேலை கிளார்க்சனுடையது.

குதிரையில் ஏறினார், பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களுக்குப் போனார். அடிமைக் கப்பல்களில் வேலை பார்த்த மாலுமிகளைத் தேடிப் பிடித்துப் பேசினார். கப்பல்களின் வருகைப் பதிவேடுகளைப் புரட்டினார். அடிமைக் கப்பல்கள் தான் நல்ல மாலுமிகளை உருவாக்குகின்றன என்று வியாபாரிகள் பெருமை பேசி வந்தனர். பதிவேடுகளோ வேறு கதை சொல்லின. மற்றக் கப்பல்களை விட, அடிமைக் கப்பல்களில் தான் மாலுமிகள் அதிகமாக இறந்து போயிருந்தனர்!

லிவர்பூலில் ஒரு கடையில் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டை விரலை நசுக்கும் கருவி எல்லாம் விற்பனைக்கு இருந்தன. சாப்பிட மறுக்கும் அடிமைகளின் வாயை வலுக்கட்டாயமாகத் திறக்கும் கருவியும் இருந்தது. அவற்றை விலை கொடுத்து வாங்கிக் கொண்டார். போகும் ஊர்களில் எல்லாம் மக்களிடம் எடுத்துக் காட்டினார்.

வியாபாரிகளின் ஆட்கள் சும்மா இருப்பரா? ஒருநாள் லிவர்பூல் துறைமுகத்தில் அவரைச் சூழ்ந்து கொண்டு, கடலில் தள்ளப் பார்த்தனர். நல்ல உயரமும், உடல் வலிமையும் கொண்ட கிளார்க்சன், அவர்கள் நடுவே பாய்ந்து ஒருவரைக் கீழே தள்ளி விட்டுத் தப்பினார்.

அவரிடம் ஒரு மரப்பெட்டியும் இருந்தது. அதில் ஆப்பிரிக்க மக்கள் நெய்த துணி, அவர்கள் செய்த தோல் பொருட்கள், தந்தம், மிளகு, பலவகை மரத் துண்டுகள் எல்லாம் இருக்கும். இவ்வளவு திறமையான மக்களோடு நேர்மையாக வியாபாரம் செய்யலாமே, அவர்களையே ஏன் விற்க வேண்டும் என்று கேட்பார்.

அடிமைகள் போரில் பிடிபட்ட கைதிகள் என்று சாதித்தனர் வியாபாரிகள். ஆப்பிரிக்காவில் படகுகளில் போய், கிராமத்தவரைப் பிடித்து வருவதை நேரில் பார்த்த ஒரு மாலுமி இருக்கிறார் எனக் கேள்விப்பட்டார் கிளார்க்சன். அந்த மாலுமியின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஏதோ ஒரு போர்க்கப்பலில் இருக்கிறார் என்பது மட்டும் தான் தெரியும். ஒவ்வொரு துறைமுகமாகப் போய், கப்பல் கப்பலாக ஏறி இறங்கினார். 100 ஆயிற்று, 200 ஆயிற்று, 300ம் தாண்டியது. கடைசியில், பிளைமவுத் துறைமுகத்தில் கிடைத்தார் அந்த மனிதர். அவர் பெயர் ஐசக் பார்க்கர். பகலில் புதரில் ஒளிந்திருந்து, இரவில் கிராமத்துக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்ததை, பார்லிமென்ட் குழு முன் சாட்சியாகச் சொன்னார் பார்க்கர்.

குட்டீஸ்... இதையெல்லாம் கிளார்க்சன் ஒருவரே செய்து முடித்து விடவில்லை. அங்கே தான் இருக்கிறது விஷயம். போன ஊர்களில் எல்லாம், அந்தந்த ஊர்க்காரர்களைக் கொண்டே சிறு குழுக்கள் உருவாக உதவினார். கடைக்காரர், ஆசிரியர், தொழிலாளி என்று சாதாரண மக்கள் அதில் சேர்ந்தனர். அவர்களில் பெரும்பாலானோருக்கு ஓட்டுரிமை கூட கிடையாது. அடிமைகளை நேரில் பார்த்ததும் இல்லை. ஆனாலும், கடல் தாண்டி வாழும், முகம் தெரியாத மக்களுக்காக மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினர். மான்செஸ்டர் நகரில் மட்டும் 10 ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டனர்.

பிளைமவுத் குழுவினர், 1788 இறுதியில் ஒரு படம் அச்சிட்டனர். புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் படம் அது. மனிதர்களை மீன்களைப் போல் நெருக்கி அடுக்கி இருப்பதை அதில் காணலாம். லண்டன் குழு அதை இன்னும் விரிவாக்கி, 482 உருவங்களோடு வெளியிட்டது. ஓர் ஆளுக்குப் படுக்க ஆறடி நீளம், 16 அங்குல அகலம் தான் இடம். உங்கள் ஸ்கேலை எடுத்துத் தரையில் அளந்து பாருங்கள். அதில் திரும்பிப் படுக்க முடியுமா? உண்மையில், அந்தக் கப்பல் ஒருமுறை 609 பேரை ஏற்றிச் சென்றிருக்கிறது! இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் திகைத்துப் போயினர்.

அடிமையாக விற்கப்பட்டு, பின் விடுதலை பெற்ற ஒலாடா ஈக்வியானோ, 1789ல் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். அவரும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

ஆனாலும், 1791ல் வில்பர்போர்சின் தீர்மானம் பார்லிமென்டில் தோற்றது. ஆதரவு 88 ஓட்டு. எதிர்ப்பு 163 ஓட்டு.

மக்கள் சோர்ந்து விடவில்லை. அடிமைகள் விளைவித்த சர்க்கரை எங்களுக்கு வேண்டாம் என்று நிறுத்தி விட்டனர். சுமார் மூன்று லட்சம் பேர் இப்படிச் செய்ததாகக் கிளார்க்சன் கணக்கிட்டார். இனிப்புத் தேநீரை விட்டுக் கொடுத்த குடும்பங்களில் குழந்தைகளும் இருந்தனர். 1792ல், 519 மனுக்கள் பார்லிமென்டுக்கு வந்து குவிந்தன. அவற்றில் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் கையெழுத்துகள்!

அப்போதும் மேல்சபை இழுத்தடித்தது. மறு ஆண்டே பிரான்ஸ் நாட்டுடன் போர் மூண்டதால், எல்லாம் கிடப்பில் போடப்பட்டது. ஏழு ஆண்டுகளில், 35 ஆயிரம் மைல் குதிரையில் சுற்றியிருந்தார் கிளார்க்சன். அது பூமியை ஒருமுறை சுற்றி வருவதை விட அதிக தூரம். உடல் நலம் கெட்டது. கையில் இருந்த பணமும் கரைந்தது. 1794ல் வேலையை விட்டு விலகி, ஏரிகள் நிறைந்த மலைப்பகுதிக்குப் போய் விவசாயம் பார்த்தார்.

தோற்று விட்டார் என்று தானே நினைக்கிறீர்கள்? பத்து ஆண்டுகளுக்குப் பின், 1804ல் மீண்டும் குதிரை ஏறினார். முன்பு குழுக்களில் இருந்தவர்களைத் தேடிப் போய்ச் சந்தித்தார். 1807 மார்ச் 25ல், அடிமை வாணிபத்தைத் தடை செய்யும் சட்டம் பிறந்தது.

ஆனால், வாணிபம் தான் நின்றது. ஏற்கனவே அடிமையாக இருந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தனர். எனவே, 1823ல், 63 வயதில், மறுபடியும் ஊர் ஊராகக் கிளம்பினார் கிளார்க்சன். இம்முறை பெண்கள் தனியாகச் சங்கங்கள் அமைத்துத் தீவிரமாகப் போராடினர். ஜமைக்காவில் அடிமைகளே பெரும் கிளர்ச்சியில் இறங்கினர். 1833ல் சட்டம் நிறைவேறியது. முழு விடுதலை கிடைத்தது 1838ல் தான். சுமார் எட்டு லட்சம் பேர் சுதந்திர மனிதர்கள் ஆயினர்.

இதிலும் ஒரு அநியாயம் நடந்தது. முதலாளிகளுக்கு இரண்டு கோடி பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்தது அரசு. உழைத்தவர்களுக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நம் நாட்டுக்கும் அந்தச் சட்டம் பொருந்தவில்லை. இங்கே அடிமை முறைக்கு எதிராக, 1843ல் தனிச் சட்டம் வந்தது.

1840ல், உலக அடிமை ஒழிப்பு மாநாடு லண்டனில் கூடியது. 80 வயதான கிளார்க்சன் தான் தலைமை. 1846 செப்டம்பர் 26ல், பிளேபோர்ட் என்ற கிராமத்தில் அவர் காலமானார். அவருடைய மரப்பெட்டி, இன்றும் விஸ்பெக் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. வேட்ஸ்மில் அருகே, அவர் குதிரையை விட்டு இறங்கி உட்கார்ந்த இடத்தில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது.

இன்று உலகின் பல ஊர்களில், மனித உரிமைக்காகத் தன்னார்வலர்கள் கடிதம் எழுதுகின்றனர், கையெழுத்து திரட்டுகின்றனர். யாரோ ஒரு நாட்டில், நியாயமின்றிச் சிறையில் இருப்பவருக்காக இங்கிருந்தே குரல் கொடுக்கின்றனர். அன்று மான்செஸ்டரிலும், பிளைமவுத்திலும் மக்கள் செய்த வேலை தான் இது.

என்ன குட்டீஸ்... அடுத்த முறை கட்டுரைப் போட்டிக்கு எழுதும் போது, பரிசு கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, எழுதியதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதில் சொன்னது உண்மை என்றால், அதற்காக நீங்கள் செய்யக் கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கும். யாராவது ஒருவர் செய்யட்டும் என்று விட்டு விடாதீர்கள். அந்த ஒருவர், நீங்களாகவே இருக்கலாம்!