நோயாளியாய் வந்த அப்போஸ்தலர்

நம் உருத்திரபுரத்து வீடுகளில் ஒருவர் நோயிற் படுத்தால் வயல் வேலையும் படுத்துவிடும். மடு மாதாவுக்கு நேர்த்தி வைப்போம். சுகம் வந்தால் ஆண்டவர் நம் மன்றாட்டைக் கேட்டார் என்போம். வராவிட்டால்? அந்தக் கேள்வியோடு புனித யோசே வாஸ் அடிகளாரைச் சற்று நோக்குங்கள்.

1651 சித்திரை 21 இல் கோவா நாட்டிலே பிறந்தவர் இவர். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் குருக்கள் துரத்தப்பட்டு, நம் முன்னோர் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றித் தவித்தனர். இதைக் கேள்வியுற்ற அடிகளார், 1687 இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில், யோவான் என்னும் துணைவனுடன் கடல் கடந்து வந்தார்.

வந்தவரை வரவேற்றது சீதபேதி. பயணத்தின் கொடுமையால் நொந்த உடல், யாழ்ப்பாணத்தில் சாவின் வாசல்வரை சென்றது. தாம் ஒரு குரு என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் ஒல்லாந்தர் பிடிப்பர். பிறர் இரக்கப்பட்டு இட்ட உணவே அவரைத் தாங்கிற்று. ஆன்மாக்களைத் தேடி வந்தவர் ஒரு பூசையும் வைக்காமலே மடிந்திருக்கலாம். அடிகளாரின் பேரால் நடந்த புதுமைகளைப் பெரிதாய்ச் சொல்வோர் உண்டு. எனக்கோ அந்த நோய்ப்படுக்கையே பெரிதாய்த் தோன்றுகிறது. ஏன் அனுப்பினீர் என்று கேட்கத்தக்க நேரம் அது. அவரோ எழுந்ததும், கழுத்திலே செபமாலை தெரிய, வீடு வீடாய்ப் பிச்சை கேட்டு, அதை நோக்கிய கண்களிலே கத்தோலிக்கரை அடையாளங் கண்டார். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று.

1692 இல் கண்டிக்குப் போனார். உளவாளி என்று சிறையிலிட்டார்கள். சிறையிலிருந்தே சிங்களம் கற்றார்.

1697 இல் கண்டியிலே வைசூரி பரவியது. அரசன் நகரை விட்டகன்றான். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கைவிட்டனர். அடிகளாரும் அவருடைய மருமகனான கர்வாலோ சுவாமியும் மட்டும் அங்கே நின்றனர். நோயாளரைச் சேர்த்து, புண் கழுவி, உணவூட்டி, இறந்தோரைப் புதைத்தனர். கிறிஸ்தவரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. அந்நிய ஊரில் நோயாய்க் கிடப்பது என்னவென்று அவருக்குத் தெரியும் அல்லவா?

ஆனால் அவருடைய உடல் மீண்டும் திடமாகவில்லை. 1710 இல் ஒரு மறைபரப்புப் பயணத்தால் நோயுற்றுத் திரும்பினார். காய்ச்சல் விட்டும் தொட்டும் வந்தது. எத்தனையோ பேருக்கு மருந்தூட்டியவருக்குச் சுகம் கிடைக்கவில்லை. 1711 தை 16 இல், கண்டியிலே, 59 ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

2015 தை 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து, போரில் உறவுகளை இழந்த குடும்பங்களோடு மாதாவின் முன்னே மன்றாடினார்.