சாப்பாட்டு மேசையில் ஓடிய ரயில்

நம்ம ஊர்ல ஒரு நிட்டிங் கம்பெனிக்குள்ள போனவங்க எல்லாருக்கும் இது தெரியும். வட்ட மெஷின் சுத்திக்கிட்டே இருக்கும். கோன்ல இருந்து வர்ற ஒரே ஒரு நூல் அறுந்தா போதும், லைட் எரியும், மெஷின் நின்னுடும். நூலை முடிச்சுப் போட்டு பட்டனை அமுக்கினா மறுபடியும் ஓடும். எப்ப நிக்கணும்னு மெஷினுக்கே தெரியும்.

கிட்டத்தட்ட இதே வேலையை நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொம்மை ரயில் செஞ்சுது. அது ஓடினது குவாலியர் அரண்மனையில், சாப்பாட்டு மேசை மேல. அந்த ரயிலுக்குச் சொந்தக்காரரான மகாராஜா மாதவராவ் சிந்தியாவோட கதைதான் இது.

மாதவராவ் பிறந்தது 1876 அக்டோபர் 20. அப்பா ஜயாஜிராவ் 1886-ல் இறந்தப்போ பையனுக்குப் பத்து வயசுகூட முடியல. பேருக்கு ராஜா ஆனார், ஆட்சியை ஒரு குழு பார்த்துக்கிச்சு. 1894-ல்தான் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. அவர் வளர்ந்த ஜெய் விலாஸ் அரண்மனையை அப்பா 1874-ல் கட்டினார். அங்க தர்பார் ஹால்ல ரெண்டு பிரம்மாண்டமான சரவிளக்கு தொங்குது. கூரை அந்தப் பாரத்தைத் தாங்குமான்னு பார்க்க, மேல யானைகளை ஏத்தி நிறுத்தினதா சொல்வாங்க. நம்ம பாஷையில் சொன்னா, அது ஒரு லோட் டெஸ்ட். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பையன் இயந்திரங்கள் மேல பைத்தியமா ஆனதுல ஆச்சரியம் இல்ல.

1900-ல் சீனாவுக்குப் போன பிரிட்டிஷ் படையோட அவரும் போனார். அதுக்காக ஒரு மருத்துவக் கப்பலையே தன் செலவில் தயார் பண்ணிக் கொடுத்தார். ஆனா அவர் மனசு முழுக்க ரயில்தான். குவாலியரைச் சுத்தி வெறும் 610 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு குட்டி ரயில் பாதை போட்டார். நம்ம ஊட்டி ரயிலோட பாதையே 1000 மில்லிமீட்டர்னா, இது எவ்வளவு குறுகல்னு நினைச்சுப் பாருங்க. 1899-ல் பிண்டுக்கும் சிவபுரிக்கும் வண்டி ஓடுச்சு. அப்புறம் ஷியோபூர் வரைக்கும் சுமார் 200 கிலோமீட்டருக்குப் பாதை நீண்டது. உலகத்துல இவ்வளவு குறுகலான பாதை இவ்வளவு தூரம் போன இடங்கள் ரொம்பக் குறைவு.

இனி மேசைக்கு வருவோம். அந்த வெள்ளி ரயிலைச் செஞ்சு கொடுத்தது இங்கிலாந்தில் மாடல் ரயிலுக்குப் பேர் போன பாசெட்-லோக் கம்பெனி. எஞ்சினுக்குப் பின்னாடி ஏழு பெட்டிகள். சிந்தியாங்கிற பேரை ஆங்கிலத்துல எழுதினா வர்ற ஏழு எழுத்தும் பெட்டிக்கு ஒண்ணா இருக்கும். மது பாட்டில்களையும் சுருட்டுகளையும் சுமந்துக்கிட்டு ஒவ்வொரு விருந்தாளி முன்னாடியும் ரயில் போகும். யாராவது பாட்டிலைத் தூக்கினா நின்னுடும். திரும்ப வெச்சா கிளம்பிடும்.

வீட்டில் ப்ளைவுட் பலகை மேல லேஅவுட் போட்டவங்களுக்கு இதோட அழகு நல்லாப் புரியும். சாதாரண 12 வோல்ட் டிசி லேஅவுட்ல ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், இன்னொண்ணு நெகட்டிவ். சக்கரம் வழியா மோட்டாருக்குக் கரண்ட் போகும். வோல்டேஜைக் கூட்டினா வேகம் கூடும், துருவத்தை மாத்தினா ரயில் பின்னாடி போகும். பாதை நீளமா இருந்தா ஒவ்வொரு இணைப்புலயும் வோல்டேஜ் குறையும், தூரத்துல ரயில் தள்ளாடும். அதனாலதான் பலகைக்கு அடியில் நாலஞ்சு இடத்துல இருந்து தனித்தனியா ஒயர் கொடுக்கிறோம். பாதையை வளைச்சு அதே பாதையில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தா பாசிட்டிவ்வும் நெகட்டிவ்வும் முட்டி ஷார்ட் ஆயிடும். ரயிலை ஓட வைக்கிறது சுலபம். சரியான இடத்துல நிறுத்துறதுலதான் முக்கால்வாசி ஒயரிங். சர்க்யூட் மூடியிருந்தா ஓட்டம், திறந்தா நிறுத்தம். இந்தச் சின்ன விதியை ஒரு பாட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வெச்சதுதான் அந்த ரயிலோட சாமர்த்தியம்.

ஜனங்க வரிப்பணத்துல வெள்ளி ரயில் தேவையான்னு கேட்டா, அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனா அதே மனுஷன் போட்ட குறும்பாதை சாதாரண ஜனங்களுக்காக நூறு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் இந்திய ரயில்வேயோட சேர்ந்து, அகலப் பாதைக்கு வழிவிட்டு 2020-ல்தான் நின்னுச்சு.

அவர் காலத்துல கட்டின எல்லாமே அப்படி நிலைக்கல. குவாலியருக்குத் தண்ணி கொடுக்க டிக்ராவில் சுமார் 24 மீட்டர் உயரத்துக்கு ஒரு அணை கட்டினாங்க. 1917 ஆகஸ்ட்ல வெள்ளம் அணைக்கு மேல வழிஞ்சது. அடித்தளம் பிடி கொடுக்கல. அணையோட ரெண்டு பெரிய பகுதிகள் அப்படியே நகர்ந்து போயிடுச்சு. கீழ இருந்த ஊர்களுக்கு அது பெரும் துயரம். மறுபடியும் கட்டி முடிச்சது 1929-ல். அதைப் பார்க்க மாதவராவ் இல்ல. 1925 ஜூன் 5-ல் பாரிஸ்ல இறந்துட்டார், வயசு 48. பட்டத்துக்கு வந்த மகன் ஜிவாஜிராவுக்கு அப்போ ஒன்பது வயசுகூட ஆகல. அப்பாவைப் போலவே மகனும் சின்னப் பையனா இருக்கும்போதே அரசரானார்.

அந்த மேசையையும் அந்த அணையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிறேன். மேசையில் கை பட்டா ரயில் நின்னுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அணையில் வெள்ளம் அளவு மீறினப்போ நிறுத்த எதுவும் இல்ல. பொம்மையில் வசதிக்காக வெச்ச விஷயம், பெருசா கட்டும்போது உயிர் சம்பந்தப்பட்டதா ஆயிடுது.

நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் டெமோவிலும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஓடுதாங்கிறதுதான். தப்பு நடந்தா எப்படி நிக்கும்னு கேட்கிறவங்க குறைவு. அடுத்த வருஷம் நம்மள்ல பாதிப் பேர் ஏதோ ஒரு மில்லிலோ சைட்லயோ நிப்போம், அங்க நம்ம டிசைனுக்குக் கீழ மனுஷங்க வேலை செய்வாங்க. அதுக்கு முன்னாடி நேரம் கிடைச்சா வீட்டில் ஒரு பலகை போட்டு, ரெண்டு தண்டவாளம் பதிச்சு ரயில் விட்டுப் பாருங்க. ஆனா முதல்ல ஃபியூஸைப் போட்டுட்டு, அப்புறம் கரண்ட் கொடுங்க.