சிறகு தந்த ஓட்டல்காரர்

பிழைக்க வந்த மண்ணுக்குப் பெருமை சேர்த்தோரை எண்ணும்போது, ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் நம் நினைவுக்கு வருகிறார். கார்சிகா தீவினரான அவர், இன்று அண்ணா சாலை எனப்படும் சென்னை மவுண்ட் ரோட்டில் பெரிய ஓட்டலொன்றை நடத்தி வந்தார். இனிப்புப் பண்டம் செய்வதில் வல்லவர்; விமானக் கலையோ அவர் கற்ற தொழிலன்று.

1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரெஞ்சுக்காரரான பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் பறந்து கடந்தார். அச்செய்தி ஏஞ்சலிஸின் உள்ளத்தில் கனலை மூட்டியது. தாமும் பறக்க விரும்பிய அவர், அயல்நாட்டு விமானத்தை விலைக்கு வாங்கவில்லை. தாமே அமைப்பை வகுத்தார். அதற்கு உருக்கொடுக்கும் பணியைச் சென்னை சிம்ப்சன் கம்பெனி ஏற்றது. 1840இல் தோன்றி, குதிரை வண்டிகள் செய்து பெயர் பெற்ற நிறுவனம் அது. 1903இல் நீராவிக் காரும் செய்திருந்தது. மரத்தையும் இரும்பையும் இணைத்துப் பழகிய கைகளுக்கு இறக்கையும் வசப்பட்டது.

பல்லாவரத்தில் வெள்ளோட்டம் நடந்தது. சிறிய எஞ்சின் பூட்டிய அவ்விமானம் தரையை விட்டு எழுந்தது. 1910 மார்ச்சில் தீவுத்திடலில், கட்டணம் செலுத்தித் திரண்ட மக்கள் முன்னிலையிலும் அவர் பறந்து காட்டினார்.

1911 பிப்ரவரி 18ஆம் நாள் அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் தபால் சென்றதை வரலாறு போற்றுகிறது. அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னரே சென்னைத் தொழிலாளரின் கைவினை வானில் எழுந்ததை நாம் மறக்கலாகாது.

தாயகம் விட்டு மைசூர் மண்ணில் வாழும் நமக்கு அவர் வாழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு. புகுந்த ஊரின் கைத்திறனை நம்பினார். அவ்வூருக்கே சிறகு தந்தார்.