ஏலமலையில் 10 ஆண்டு, காவிரிக் கரையில் 25 ஆண்டு: யார் இந்த பீட் கிரிஃபித்ஸ்?

போடிநாயக்கனூர் என்றாலே ஏலக்காய் ஏலம்தான் ஞாபகம் வரும். அந்தக் காய் விளையும் மலைக்கு, போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறணும். பூப்பாறை, நெடுங்கண்டம், கட்டப்பனை, ஏலப்பாறை என்று மேற்கே போய்க்கொண்டே இருந்தால் வாகமண் வரும். இன்றைக்கு வார விடுமுறைக்கு பைக்கில் போகிற இடம். அங்கே குரிசுமலை என்ற கிறிஸ்தவ ஆசிரமம் இருக்கிறது. மலையாளத்தில் குரிசு என்றால் சிலுவை.

அந்த ஆசிரமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் பீட் கிரிஃபித்ஸ். ஆங்கிலேயர், கத்தோலிக்கத் துறவி. பிறகு மலையிலிருந்து இறங்கி, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரைக்கு வந்தவர், கடைசி வரை அங்கேயே இருந்தார். அவருடைய வாழ்க்கை முழுக்க ஒரே கேள்விதான்: படித்து அறிந்த கடவுளை, உள்ளுக்குள் உணர்வது எப்படி?

புத்தகத்தில் தொடங்கிய தேடல்

1906 டிசம்பர் 17-ல் இங்கிலாந்தில் பிறந்தார். இயற்பெயர் ஆலன் ரிச்சர்ட் கிரிஃபித்ஸ். பள்ளியின் கடைசி நாட்களில், ஒரு மாலை நடையில் பறவைகளின் பாட்டும் பூத்துக் கிடந்த மரங்களும் அவரை அப்படியே நிறுத்திவிட்டன. அதுவரை அறியாத ஏதோ ஒன்று தொட்ட உணர்வு. அதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் தேடினார்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் 'நார்னியா' கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ். அப்போது இருவருமே விசுவாசிகள் கிடையாது. படித்தும் விவாதித்தும் கடிதம் எழுதியும் இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கிறிஸ்தவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1955-ல் வந்த தன் ஆன்மிக வரலாற்று நூலை லூயிஸ் கிரிஃபித்ஸுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

1930-ல் இரண்டு நண்பர்களோடு ஒரு கிராமத்துக் குடிசையில் குடியேறினார். மாடு கறந்தார்கள், பால் விற்றார்கள், பைபிள் படித்தார்கள். அந்தச் சோதனை ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. அடுத்து தனியாகக் கடும் நோன்பு, தூக்கமில்லாத ஜெபம் என்று இறங்கியதில் மனமே தடுமாறிப்போனது. உறுதி மட்டும் இருந்தால் போதாது, ஒரு ஒழுங்கும் கூட வருகிற மனிதர்களும் வேணும் என்பது அவருக்குப் புரிந்த இடம் இது.

மடம் கற்றுத்தந்த வாசிப்பு

1931 கிறிஸ்துமஸையொட்டிக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1932-ல் பிரிங்க்னாஷ் என்ற பெனடிக்டைன் துறவு மடத்தில் நுழைந்து, பீட் என்ற பெயர் பெற்றார். 1940-ல் குருவானார்.

அந்தச் சபையில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் பயிற்சி 'லெக்சியோ டிவினா'. முதலில் வேதாகமத்தில் ஒரு சிறு பகுதியை நிதானமாக வாசிக்கணும். அடுத்து, மனதில் தைத்த ஒரு சொல்லை அசைபோடணும். அதையே ஜெபமாக்கணும். கடைசியில் சொல்லையும் விட்டுவிட்டு மௌனமாக இருக்கணும். எத்தனை பக்கம் முடித்தோம் என்ற கணக்கே இதில் இல்லை.

ஏலமலையில் என்ன நடந்தது?

1955-ல் இந்தியா வந்தார். மேற்கத்திய வாழ்க்கை அறிவை மட்டும் வளர்த்து உள்ளுணர்வைப் பட்டினி போட்டுவிட்டது, தன் ஆன்மாவின் மறுபாதி இங்கேதான் கிடைக்கும் என்று நம்பினார். முதலில் பெங்களூரு பக்கம் முயற்சி செய்தார். அது கைகூடவில்லை.

1958-ல் பெல்ஜியத் துறவி பிரான்சிஸ் மாஹியூவோடு சேர்ந்து குரிசுமலையைத் தொடங்கினார். காவி உடை, சைவ உணவு, தரையில் அமர்ந்து வழிபாடு, கேரளத்தின் பழைய சிரிய மரபு ஜெபங்கள். மாட்டுப்பண்ணையும் உண்டு. ஜெபத்துக்கு ஒதுக்கிய நேரம்போலவே வேலைக்கும் நேரம் ஒதுக்கியிருந்தது. 10 வருடம் இப்படிப் போனது.

காவிரிக் கரை சாந்திவனம்

1950-ல் மோன்ஷனான், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார்கள். சாந்திவனம் என்பது அதன் இன்னொரு பெயர். மோன்ஷனான் 1957-ல் இறந்துவிட்டார். லெ சோ இமயமலைப் பக்கம் போக முடிவெடுத்தபோது, 1968-ல் கிரிஃபித்ஸ் பொறுப்பேற்றார்.

இங்கே காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் தியானம். தினமும் மூன்று முறை பொது வழிபாடு. அதில் பைபிளோடு உபநிடதமும் வாசிக்கப்படும், தமிழ்ப் பக்திப் பாடல்களும் உண்டு. அவருடைய சொந்தத் தியானம் ரொம்ப எளிமை: இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் கேட்கும் ஒரு சின்ன ஜெபம். அதையே பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்.

இரண்டு பக்கமும் எதிர்ப்பு

சிலுவையோடு ஓம் எழுத்தைச் சேர்ப்பதும் காவி கட்டுவதும் மதமாற்றத்துக்கான வேஷம் என்று இந்துத் தரப்பில் சிலர் 1980-களில் கடுமையாக எழுதினார்கள். கிறிஸ்தவத்தையே கரைத்துவிடுகிறார் என்று கத்தோலிக்கர் சிலர் கோபப்பட்டார்கள். சந்நியாசம் எந்த ஒரு மதத்துக்கும் மட்டும் சொந்தமில்லை என்பது அவருடைய பதில். அது இந்து மரபுக்கே உரியது என்பது விமர்சகர்களின் வாதம். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனா, அவர் காவியையும் கழற்றவில்லை, திருச்சபையையும் விட்டுப் போகவில்லை.

கடைசி ஆண்டுகள்

1990 ஜனவரியில் பக்கவாதம் தாக்கியது. பிழைத்து எழுந்தவர், அந்த அனுபவத்தைத் தாயன்பு வெள்ளமாக வந்து தன்னை மூழ்கடித்ததுபோல விவரித்தார். இத்தனை வருடத் தியானத்துக்குப் பிறகும், தான் பெரும்பாலும் தலையில்தான் வாழ்ந்திருக்கிறோம், இதயம் இப்போதுதான் திறக்கிறது என்று உணர்ந்தார். 84-வது வயதில் வந்த புரிதல் இது! 1993 மே 13-ல் சாந்திவனத்தில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

தியான ஆப்பில் 10 நிமிடம் உட்கார்ந்துவிட்டு, ஏன் எதுவும் மாறலை என்று கேட்கிற காலம் இது. கிரிஃபித்ஸுக்கு 60 வருடம் ஆனது. நிறையப் படித்தார், ஆனால் படிப்போடு நிற்கவில்லை. தனியாகக் கடுமை காட்டியபோது உடைந்தார்; நேரம் தவறாத எளிய வழக்கத்துக்கு வந்தபோது நிலைத்தார். எந்த மதத்தைச் சேர்ந்தவருக்கும், மதமே வேண்டாம் என்பவருக்கும்கூட, முயன்று பார்க்கக்கூடியது அந்த வழக்கம்தான்: கொஞ்சம் வாசிப்பு, தினமும் ஒரே நேரத்தில் மௌனம், கூடவே கைக்கு ஒரு வேலை.