நோயை மறைத்து உண்மையை உரைத்தவர்

அறிவியலாளர் சரிதங்களை இலக்கிய மாணவர் படித்தல் வேண்டுமோ எனச் சிலர் என்னை வினவுவதுண்டு. படித்தல் வேண்டும் என்பதே என் துணிபு. நல்ல உரைநடையின் ஆற்றலையும், அதனை எழுதிய கை பட்ட துன்பத்தையும் ஒருங்கே காட்டும் வரலாறுகள் சிலவே. அவற்றுள் ஒன்று அமெரிக்க எழுத்தாளர் றேச்சல் கார்சன் அம்மையாரின் வரலாறு.

பென்சில்வேனியா மாநிலத்து ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் அவர் பிறந்தார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1932இல் விலங்கியல் முதுமாணிப் பட்டம் பெற்றார். பின்னர் அரசாங்க மீன்வளப் பகுதியில் உத்தியோகம் ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். 1951இல் வெளியான ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ என்னும் நூல் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டிக் கொடுத்தது. மறு ஆண்டு உத்தியோகத்தைத் துறந்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார். மணம் புரிந்திலர். 1957இல் தமக்கை மகள் இறக்க, அவள் விட்டுச்சென்ற ஐந்து வயதுப் பாலகனைத் தம் மகனாக ஏற்றார். அடுத்த ஆண்டு அன்னையாரும் மறைந்தார்.

பூச்சிகொல்லி நஞ்சுகளால் பறவையும் மீனும் மாந்தரும் அடையும் கேட்டினை ஆராய்ந்து அவர் ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேதான் நோய் வந்துற்றது. 1960 ஏப்ரிலில் சத்திரசிகிச்சை செய்து ஒரு மார்பகத்தை அகற்றினர். அது புற்றுநோயோ என அவர் வினவியும், சிகிச்சை செய்த வைத்தியர் உண்மையை உரைத்திலர். நோயின் பெயரை நோயாளியிடம் கூறாதிருத்தலே கருணை என அக்காலத்து வைத்தியர் பலர் எண்ணினர். சில மாதங்களில் விலா எலும்பருகே புதியதொரு வீக்கம் தோன்றியது. ஐயங்கொண்ட அம்மையார் கிளீவ்லாந்து நகர வைத்தியர் ஜோர்ஜ் கிறைல் என்பாரை நாடினார். முன்னரே அது புற்றுநோய்தான் என்பதும், அது பரவிவிட்டது என்பதும் அப்பொழுதே அவருக்குத் தெரியவந்தன.

மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணப் புகுந்த வள்ளுவர், நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். அவ்வரிசையின் பொருளை இவ்வரலாற்றைப் படித்தபொழுது நான் மேலும் தெளிந்தேன். தன் உடலைப் பற்றிய உண்மையை அறியாதவர், எஞ்சிய நாட்களை எதற்குச் செலவிடுவது என எவ்வாறு தீர்மானிப்பார்? உண்மையை அறிந்த கார்சன் தீர்மானித்தார்: நூலை முடிப்பது; மகனை வளர்ப்பது.

அது எளிதன்று. 1961இன் தொடக்கத்தில் கிருமித்தொற்று முழங்கால்களைத் தாக்கி நடக்கவொட்டாது செய்தது. கதிர்ச்சிகிச்சை உடலைச் சோர்வித்தது. ஆண்டிறுதியில் கண்ணழற்சி பார்வையைப் பறிக்க, உதவியாளர் வாசித்துக்காட்டச் செவியாற் கேட்டுத் திருத்தினார். இத்தனைக்கும் நடுவே எழுந்த ‘மௌன வசந்தம்’ 1962 செப்டெம்பரில் நூலாக வெளிவந்தது.

இரசாயனக் கம்பனிகள் சினந்தெழுந்தன. அம்மையாரோ தம் நோயை நண்பர் சிலரன்றிப் பிறர் அறியாவண்ணம் காத்தார். நஞ்சுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பையும் அந்நூல் பேசிற்று. ஆசிரியரே புற்றுநோயாளர் எனத் தெரியின், ஆய்வின் முடிபைச் சொந்தத் துயரின் புலம்பல் எனத் தள்ளிவிடுவர் என அஞ்சினார். பொய்முடி அணிந்து தொலைக்காட்சியில் அமைதியாக விடையிறுத்தார். 1963 யூன் மாதம் செனற் சபைக் குழுவின் முன் சாட்சியமளித்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னரே ஜனாதிபதியின் அறிவியற் குழு அறிக்கை அவர் கருத்திற்கு ஆதரவாக வந்திருந்தது.

டி.டி.ரி. என்றதும் நம்மவர் நினைவில் மலேரியா எழும். அம்மருந்தினால் இலங்கையில் அந்நோய் 1963இல் பதினேழு பேரளவிற் குறைந்தது மெய். சில ஆண்டுகளில் அது மீண்டும் பெருகியதும் மெய். கார்சன் எல்லா மருந்தையும் விலக்கச் சொன்னாரல்லர். அளவின்றித் தெளித்தால் பூச்சிகள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும் என எச்சரித்தார்.

1963 செப்டெம்பரில் மேயின் மாநிலக் கடற்கரையில், தோழி டொறதி பிறீமனுடன், மேற்கு நோக்கிப் பறந்த மொனாக் வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டு நின்றார். அவை திரும்பி வாரா என்பதை அறிந்தும் அக்காட்சி துயரம் தரவில்லை என்று அன்றே தோழிக்குக் கடிதம் எழுதினார். 1964 ஏப்ரில் 14ஆம் நாள், 56ஆம் வயதில், உயிர் நீத்தார். மகனைப் பதிப்பாசிரியர் போல் புறூக்ஸ் குடும்பத்தார் வளர்த்தனர். 1972இல் அமெரிக்க அரசு பயிர்களுக்கு டி.டி.ரி. தெளிப்பதைத் தடை செய்தது.

நோயை மறைத்துக்கொண்டே அவர் வாழவேண்டியிருந்தமை அக்காலத்தின் குறை. இன்று நம்மிடையே இந்நோய் மீண்டும் வரப்பெற்ற தாய்மார் அவ்வாறு மறைக்க வேண்டுவதில்லை. அவர்களிடம் உண்மையைக் கூறுவதும், கூறியபின் அருகிருப்பதும் சுற்றத்தார் கடன். மாணவர்காள், ‘மௌன வசந்தத்தை’ எடுத்துப் படிமின். எழுதியவர் பட்ட நோவின் சுவடு எந்தப் பக்கத்திலும் தெரியாது.