ஊமத்தம் புகை டு இன்ஹேலர்: யார் இந்த மெட்ராஸ் டாக்டர் ஆண்டர்சன்?

மீஞ்சூரில் சாம்பல் தூசியும் லாரிப் புழுதியும் சேர்ந்து மூச்சு இழுக்கும்போது கை தேடுவது இன்ஹேலரைத்தான். இன்ஹேலர் மருந்துகளில் ஒரு வகைக்கு மெட்ராஸோடு பழைய தொடர்பு உண்டு.

ஜேம்ஸ் ஆண்டர்சன் 1738-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராக வந்து, மெட்ராஸின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். ஆனால் மனுஷனுக்குச் செடிகள்மேல்தான் பைத்தியம். சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்க சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். பட்டுக்காக முசுக்கொட்டை நட்டார். சாயத் திட்டம் தேறவில்லை.

நிலைத்தது, அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வைத்தியம். ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் மூச்சிரைப்பு தணியும் என்பது நம்மூர் வைத்தியர்களுக்குத் தெரிந்ததுதான். அதை ஆண்டர்சன், ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரிக்குப் பரிந்துரைத்தார். ஜென்ட் 1802-ல் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அப்புறம் ஐரோப்பாவில் 'ஆஸ்துமா சிகரெட்' கடைகளுக்கே வந்துவிட்டது! ஆண்டர்சன் 1809-ல் மெட்ராஸில் இறந்தார். சான்ட்ரி செதுக்கிய அவரது சிலை சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இருக்கிறது.

சரி, புகை எப்படி வேலை செய்தது? மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சுரந்தால் அது இறுகும். ஊமத்தையின் அட்ரோபின் அந்த ரசாயனம் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடும், தசை தளரும். சிக்கல் என்னன்னா, அட்ரோபின் ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகும்: வாய் வறளும், இதயம் படபடக்கும், புத்தி தடுமாறும். வேலியோர ஊமத்தையை யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

இப்ராட்ரோபியம் அதே மூலக்கூறைத் திருத்தி எடுத்தது. மின்னேற்றம் இருப்பதால் ரத்தத்தில் அதிகம் ஏறாது, மூளைக்குள்ளும் எளிதில் நுழையாது. அதன் தம்பி டியோட்ரோபியம் 24 மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

சால்பியூட்டமால் வேறு ரகம். நரம்பின் 'இறுகு' சிக்னலைத் தடுக்காமல், அட்ரினலின் மாதிரி பீட்டா-2 ஏற்பியைத் தட்டி தசையை நேரடியாகத் தளர்த்தும். சில நிமிடங்களில் வேலை, 4 முதல் 6 மணி நேரம் பலன். இப்ராட்ரோபியம் கொஞ்சம் நிதானம். அதனால்தான் கடும் ஆஸ்துமாவில் எமர்ஜென்சியில் இரண்டையும் சேர்த்து நெபுலைசரில் வைப்பார்கள். ஆனால் இரண்டுமே குழாயின் உள்வீக்கத்தைக் குறைக்காது. அந்த வேலைக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர். சால்பியூட்டமால் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால், டாக்டரைப் பார்க்க நேரமாச்சு.