தொப்பி அணிந்த பெண்ணின் முகம்

நெற்றியிலும் மூக்கிலும் பச்சை, கன்னத்தில் மஞ்சளும் ஊதாவும், கழுத்தில் ஆரஞ்சு. கல்லூரி நாள்களில் நூலகப் புத்தகம் ஒன்றில் ‘தொப்பி அணிந்த பெண்’ ஓவியத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, அச்சில் நேர்ந்த கோளாறு என்றே நினைத்தேன். அதை வரைந்த ஹென்றி மத்தீஸின் வாழ்க்கையைப் படித்த பிறகே, கோளாறு என் பார்வையில் இருந்தது என்பது விளங்கியது.

1869-இல் வடக்கு பிரான்ஸில் பிறந்த மத்தீஸ், சட்டம் பயின்று எழுத்தராகப் பணிபுரிந்தவர். குடல்வால் அழற்சியால் படுத்திருந்தபோது தாய் வாங்கித் தந்த வண்ணப்பெட்டி அவரது வழியை மாற்றியது. 1898-இல் அமேலியை மணந்தார். ஓவியங்கள் விலைபோகாத தொடக்க ஆண்டுகளில், அமேலி நடத்திய தொப்பிக்கடை குடும்பத்தைத் தாங்கியது. 1902-இல் பாரிஸை உலுக்கிய நிதி மோசடி வழக்கில், குற்றமற்ற அவருடைய பெற்றோரின் பெயரும் அடிபட்டது.

1905 கோடையில் கொலியூர் கடற்கரையில் ஓவியர் தெரேனுடன் தங்கி வரைந்த மத்தீஸ், கண் காணும் நிறத்தை அப்படியே தீட்டும் கட்டாயத்திலிருந்து விடுபட்டார். அவ்வாண்டு பாரிஸ் இலையுதிர்காலக் கண்காட்சியில் அமேலியின் உருவப்படத்தைக் கண்டவர்கள் நகைத்தனர். விமர்சகர் ஒருவர் அந்த ஓவியர்களைக் காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டார். ‘ஃபாவிசம்’ என்ற பெயர் அதிலிருந்தே பிறந்தது. லியோ, கெர்ட்ரூட் ஸ்டைன் உடன்பிறப்புகள் 500 பிராங்குக்கு அதை வாங்கினர்.

பகட்டான தொப்பிக்குக் கீழே அந்தக் கண்கள் களைத்திருக்கின்றன. அவமானத்தையும் வறுமையையும் கடந்துவந்த ஒருத்தியின் உறுதியைச் சொல்ல, தோலின் இயல்பான நிறம் மத்தீஸுக்குப் போதவில்லை என்றே நான் கருதுகிறேன்.

1913-இல் அவர் மீண்டும் மனைவியை வரைந்தார். நூறு முறைக்கு மேல் அமேலி அவர் முன் அமர்ந்தார். இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள அப்படத்தில் முகம் சாம்பல்நிற முகமூடிபோல உறைந்திருக்கிறது. 1939-இல் இருவரும் பிரிந்தனர். 1944-இல், எழுபது வயதைக் கடந்த அமேலி, நாஜி எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவியதற்காகச் சிறை சென்றார். மத்தீஸ் 1954-இல் மறைந்தார்.

உருவப்படம் என்றதும் தத்ரூபமாக இருக்கிறதா என்றுதான் நாம் கேட்கிறோம். கைப்பேசியில் எடுக்கும் படத்திலும் முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கத்தை அழித்து மகிழ்கிறோம். அந்த வெளுத்த முகங்களில், வாழ்ந்த வாழ்க்கையின் தடம் மிஞ்சுவதில்லை. நூறாண்டுக்கு முன் நகைப்புக்குள்ளான அந்தப் பச்சை முகத்திலோ, பின்னாளில் சிறைக்கும் அஞ்சாத ஒரு பெண்ணை இன்றும் என்னால் அடையாளம் காண முடிகிறது.